ஆயிரம் பிறை கண்டவர்கள்

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் ஆலயத்தில் மணிவிழாவோ சதாபிஷேகமோ நடைபெறாத நாள் அரிது. கலச நீராட்டப்பெற்று முதிய தம்பதியர் அமர்ந்திருக்க, மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சூழ நின்று வணங்குவர். எண்பது ஆண்டும் சில திங்களும் நிறைந்தவர் ஆயிரம் பிறை கண்டவர் என்பது மரபு.

மார்க்கண்டேயரைக் காக்கும் பொருட்டுக் காலனை ஈசன் உதைத்தருளிய தலம் இது. அட்ட வீரட்டங்களுள் ஒன்று. அக்கதைக்குப் பின்பகுதியும் உண்டு. காலன் வீழ்ந்தபின் உலகில் இறப்பே இல்லாமற்போயிற்று. பாரம் தாங்காத பூமாதேவி முறையிட, இறைவன் காலனை மீண்டும் எழுப்பியருளினார். மார்க்கண்டேயருக்கோ என்றும் பதினாறாய் இருக்கும் வரம் கிட்டியது. மற்றையோர்க்கு ஆயுள் நீண்டால் முதுமையும் உடன் நீள்கிறது.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள்; பிஞ்சிலேயே உதிர்ந்த உயிர்கள் அன்று மிகுதி. இன்று அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் 10 கோடிக்கு மேல். தமிழகத்தில் பத்தில் ஒருவர். பிறக்கும் குழந்தைகளோ குறைந்துவிட்டனர். ஐந்து பிள்ளைகள் பகிர்ந்து சுமந்த கடமை இன்று ஒருவர் தோளில் இறங்கியிருக்கிறது. அவரும் பிழைப்புக்காக அயலூரில் வாழ்பவர். வயலிலும் தறியிலும் கடையிலும் உழைத்து ஓய்ந்த பெற்றோரில் பெரும்பாலோர்க்கு ஓய்வூதியம் இல்லை. செல்வ நாடுகள் வளம் சேர்த்த பின்னர் முதுமை கண்டன. பாரதமோ வளரும் பருவத்திலேயே அதனைக் காண்கிறது.

ஆதலின் தனித்து வாழும் முதியோரைக் கண்டவுடன் பிள்ளைகளைப் பழிப்பது முறையன்று. கைவிடுவோரும் இல்லாமல் இல்லை. அத்தகைய பெற்றோர் கோட்டாட்சியரிடம் முறையிட்டுப் பராமரிப்புத் தொகை பெற 2007-ஆம் ஆண்டின் சட்டம் வழிவகுத்துள்ளது. ஆயினும் சட்டம் பொருளைப் பெற்றுத் தரும். மாலைப்பொழுதில் உடனமர்ந்து பேச ஒருவரைத் தர அதனால் இயலாது.

சாந்தி நிறைவுற்ற அன்று மாலையே வண்டிகள் புறப்பட்டுவிடுகின்றன. மாலையும் நிழற்படமுமாக இல்லம் திரும்பும் தம்பதியரை அமைதியான கூடம் எதிர்கொள்கிறது. ஆயிரம் பிறை கண்டவர்க்கு அடுத்த பிறையை உடன்நின்று காட்டுபவர் யார்?

மூன்றாம் பிறை தரிசனம் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அருகில் வாழும் பிள்ளைகள் அன்று மாலை பெற்றோரைக் கைப்பிடித்து வாயிலுக்கு அழைத்து வரலாம். தொலைவில் உள்ளோர் அவ்வேளையில் தொலைபேசியில் அழைத்து, உண்ட உணவையும் உட்கொண்ட மருந்தையும் கேட்டறியலாம். அடுத்த வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டியையும் பிரதோஷத்தன்று ஆலயத்துக்கு உடன் அழைத்துச் செல்லலாம். கலசத்தில் நிறைத்த வேண்டுதலுக்கு இறைவன் ஆண்டுகளை அருளிவிட்டார். அவ்வாண்டுகளுக்குத் துணையாய் இருப்பது வேண்டியவர்களின் கடமை.