கிழிந்த இருக்கையும் காயலான் கடைத் தோலும்

காரின் தோல் இருக்கை பெரும்பாலும் ஓரிடத்தில்தான் முதலில் கிழியும். ஓட்டுநர் ஏறும்போதும் இறங்கும்போதும் உராயும் கதவுப் பக்கத்து விளிம்பு அது. முதலில் நிறம் மங்கும், பிறகு மேற்பூச்சு வெடிக்கும், ஒருநாள் உள்ளிருக்கும் மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்கும். பின் இருக்கையின் தோலோ பத்தாண்டு கடந்தும் புதிதுபோலவே இருக்கும்.

சொந்த உபயோகத்திற்குக் கார் வைத்திருப்பவர் இதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடலாம். காஞ்சிபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அவ்வாறு இயலாது. கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களையும், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் கோயில்களுக்கு வரும் வெளியூர்ப் பயணிகளையும் ஏற்றிச் செல்வதே அவருடைய பிழைப்பு. கிழிந்த இருக்கையைக் கண்ட பயணி அடுத்த முறை வேறொருவரை அழைப்பார். எனவே நம் சகோதரர்கள் சிலர் தவணைக்கும் வட்டிக்கும் கடன் பெற்றுப் புதிய இருக்கை உறை போடுகின்றனர். அதே மாடல் காரிலிருந்து கழற்றிய பழைய தோலுறையை வாங்கி மாட்டலாமே என்று கேட்டால், முகம் சுளிக்கின்றனர். “காயலான் கடைச் சரக்கை நம் வண்டியில் போடுவதா, ஹஸ்ரத்?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

அந்தச் சொல்லை இகழ்ச்சியாகப் பயன்படுத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பழம்பொருள் வாணிபத்தில் ஈடுபட்ட காயல்பட்டினத்து முஸ்லிம்களால்தான் ‘காயலான் கடை’ என்ற பெயர் வந்தது என்று பலரும் விளக்கம் கூறுவர். பிறர் பயனற்றதென ஒதுக்கியதில் பயனைக் கண்டெடுத்து ஹலாலாகப் பிழைத்தவர்களின் பெயர், குப்பைக்கு மறுபெயராகிவிட்டது. அதை நாமும் சேர்ந்து சொல்கிறோம்.

பழைய தோலைப் பற்றி மார்க்கம் பேசாமல் இல்லை. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று வினவினார்கள். அது செத்த பிராணியாயிற்றே என்று தோழர்கள் சொன்னபோது, உண்பதுதான் தடை என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உள்ளது. செத்த ஆட்டின் தோலே வீணாகக் கூடாதென்றால், ஓட்டம் நின்றுபோன காரின் தோல் எம்மாத்திரம்? பழைய காரின் தோல் எந்த மாட்டினுடையதோ, எப்படி அறுக்கப்பட்டதோ என்று தயங்குவோருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பன்றித் தோல் நீங்கலாக (ஷாஃபிஈ மத்ஹபில் நாய்த் தோலும் நீங்கலாக) பதனிடப்பட்ட தோல் தூய்மையானதே. கார் இருக்கைகளுக்குப் பெரிதும் பயன்படுவது மாட்டுத் தோல். தோல் இருக்கை எனப்படும் பலவற்றில் உடல் படும் பகுதி மட்டுமே தோல், ஏனையவை ரெக்சின்தான்.

நம்மூர்க்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டையைத் தொட்டு வரும் பாலாறுதான் காஞ்சிபுரத்தையும் கடந்து கடலுக்குச் செல்கிறது. அவ்வூர்களின் தோல் பதனிடும் தொழிலில் நம் சமுதாயத்தவரின் பங்கு பெரிது. அத்தொழில் பலருக்குக் கல்வியும் வாழ்வும் தந்தது, பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் எழுப்பியது. பாலாற்று நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அதன் கழிவே. இவ்வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கு பதனிடப்படுவதில் பெரும்பகுதி காலணிக்குச் செல்கிறது என்பது உண்மைதான். எனினும் எதற்கான தோலாயினும் அதைப் பதனிட நீரும், பெரும்பாலும் குரோமிய உப்பும் வேண்டும். ஏற்கெனவே பதனிட்டு முடிந்த தோலை இன்னும் ஐந்தாண்டு உழைக்க வைப்பவர், புதிய தோலுக்கான அந்த நீரை மிச்சப்படுத்துகிறார்.

ஆகவே பழைய தோலை வாங்குவதில் இழிவு ஏதுமில்லை. நான் அஞ்சுவது வேறொன்றை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் ஏறக்குறைய எந்தக் காரின் இருக்கையும் கிடைக்கும். ஆனால் அந்த இருக்கை எந்த வண்டியிலிருந்து வந்தது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளிலும் எண்ணற்ற கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே நிலை. முழு இழப்பு எனக் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிடும் கார்கள் ஏலத்திற்குச் செல்கின்றன, பின்னர் உதிரிபாகங்களாகப் பிரிகின்றன. வெள்ளத்தில் ஊறிய இருக்கையை வெயிலில் காயவைத்து மெழுகு தேய்த்தால் மேல்தோல் பளபளக்கும். உள்ளே பஞ்சில் பூஞ்சை இருக்கும், இரும்புச் சட்டத்தில் துரு ஏறிக்கொண்டிருக்கும்.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடிந்துரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை, ஈரத்தை மறைத்ததுதான் குற்றமாயிற்று. பழைய இருக்கை வாங்குபவரும் அந்தக் குவியலில் கை விட்டதுபோலவே உறைக்கடியில் விரலை நுழைத்துப் பஞ்சை அழுத்திப் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும். தண்டவாளத் திருகுகளில் துரு தெரிந்தால் அந்த இருக்கையை விட்டுவிடலாம்.

திருட்டு வண்டியின் பாகமாக இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. திருடிய பொருள் எத்தனை கை மாறினாலும் உரிமையாளருடையதே என்பது ஃபிக்ஹின் நிலை. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணமிருந்தும் நேர்மையற்று வாங்குவதை 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவும் குற்றமாக்குகிறது. ஆகவே பில் கேளுங்கள், எந்த வண்டியின் பாகம் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள். தரம் பிரிக்கக் கண் மட்டும் போதாது என்பதால் ஜரிகையைச் சோதித்து வாங்கும் ஊர் நம்முடையது. பட்டுக்குக் காட்டும் எச்சரிக்கையை இருக்கைக்கும் காட்டலாம்.

என் கருத்தில், முழு இருக்கையை மாற்றுவதைவிடத் தோலுறையை மட்டும் கழற்றி மாட்டுவது மேல். முன் இருக்கைகள் பலவற்றின் பக்கவாட்டில் ஏர்பேக் உண்டு. விபத்தில் சிக்கிய காரின் இருக்கையில் அது வெடித்திருக்கலாம், பெல்ட் பூட்டும் தன் வேலையை முடித்திருக்கலாம். அவற்றைப் பழையதாக வாங்குவது உயிரோடு விளையாடுவது. ஏர்பேக் உள்ள இருக்கையின் மேல் சாதாரண உறையை இறுக்கிப் போடுவதும் அத்தகையதே. அந்த இடத்துத் தையல் அடிபடும்போது பிரியுமாறு தனியாகத் தைக்கப்பட்டது. அதன்மேல் வேறு துணியோ ரெக்சினோ மூடினால் பை விரியத் தடையாகும்.

தேர்ந்த சீட் தையற்காரர் கிடைத்தால் இதைவிடச் சிக்கனமான வழியும் உண்டு. அதே நிறமுள்ள பழைய பின் இருக்கையின் நல்ல தோலை வாங்கி, ஓட்டுநர் இருக்கையில் தேய்ந்த பட்டையை மட்டும் வெட்டியெடுத்து அவ்விடத்தில் இதைத் தைப்பார். தோலில் ஊசி போட்ட துளை மூடாது, ஆகவே பழைய துளைகள் வழியாகவே புதிய நைலான் நூலைச் செலுத்துவார். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நபியின் உம்மத்தினர் நாம். ஓர் ஒட்டுத்தையலுக்கு வெட்கப்படுவது எனக்கு விளங்கவில்லை.

பின்னொரு நாள் வண்டியை விற்கும்போது இருக்கை மாற்றப்பட்டது என்பதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். விற்பதற்கு முதல் வாரம் கிழிசலின் மேல் பளபளப்பான புது உறையைப் போர்த்தி விலையேற்றுவது இன்று பரவலாகிவிட்டது. பால் மிகுதியாகத் தெரியும்படி மடியைக் கட்டிவைத்து ஆட்டை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் அல்லவா? வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமையையும் அளித்தார்கள். இரண்டுக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

தையற்காரரிடம் கூலி பேசும்போது, கழற்றிய கிழிந்த உறை யாருக்கு என்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். அதிலும் நல்ல பட்டைகள் சில மிஞ்சியிருக்கும். அவர் அதை எடுத்துக்கொள்வதாக இருந்தால் கூலியில் சிறிது குறைத்துக்கொள்ளவும் கூடும்.