பச்சைக் குழந்தைக்குக் காவல் யார்?

ஒரு காலத்தில் பிரசவம் என்றால் வீட்டு உள்ளறையும் மருத்துவச்சியும்தான். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. செங்கல்பட்டில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூப்பிட்டால் 108 வருகிறது. மகிழ்ச்சி!

ஆனால், ஆபத்து அதோடு தீர்ந்துவிட்டதா?

சுகப் பிரசவமான தாய் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புகிறாள். கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடலோரக் குப்பத்துக்குப் பச்சைக் குழந்தையோடு போகிறாள். பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளில் நாலில் மூன்று, முதல் வாரத்திலேயே கண்மூடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வாரத்தில் பாதி வீட்டில்தான் கழிகிறது!

வீட்டில் யார் டாக்டர்? பாட்டிதான்!

"சீம்பால் செரிக்காது, பீச்சி ஊத்திடு..."

"சேனை வைக்கணும், தேன் கொண்டா..."

"கழுதைப்பால் குடுத்தா நோய் அண்டாது..."

பாட்டியின் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. பழக்கம்தான் வினை. சீம்பால் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைகால்களைத் துவளச் செய்து, மூச்சுக்கே உலை வைக்கும்.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற ஏழை மாவட்டம். அங்கே டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். எடை பார்க்க, மூச்சை எண்ண, தேவைப்பட்டால் ஊசி போட. அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்றாவது ஆண்டில் பச்சைக் குழந்தைச் சாவு ஏறக்குறைய 62 சதவீதம் குறைந்தது! 1999-ல் உலகம் இதை அறிந்தது. 2011-ல் மத்திய அரசும் வீடு தேடிப் போகும் திட்டம் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும்.

செங்கல்பட்டில் நர்சிங் படிக்கும் மாணவிகள் இந்த ஆறு நாளையும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினால் மட்டும் போதுமா? கடலோரக் குப்பத்தில் ஒரு குழந்தையை முதல் நாளிலிருந்து 42-வது நாள் வரை ஒவ்வொரு மாணவியும் பின்தொடரட்டும். பாட்டியோடு சண்டை போடாமல், பாட்டியையே தன் பக்கம் இழுக்கட்டும். அதுதான் பாடம்! அதற்கு வண்டி வசதியும் நேரமும் கொடுப்பது அதிகாரிகள் பொறுப்பு.

வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பும் அப்பன்மாருக்கும் பொறுப்பு உண்டு. குழந்தை பால் குடிக்கவில்லையா? உடம்பு சில்லிட்டோ, சுட்டோ இருக்கிறதா? நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளா? வலிப்பா? தாய்க்கு ரத்தப்போக்கு, காய்ச்சல், கடுமையான தலைவலியா? விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108! ஒரு வயது வரை குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.

'தாயும் சேயும் நலம்' என்று 42-வது நாளில் சொல்லலாம். அதுவரை காவல் வேண்டும்!