சுண்டெலியும் மனிதனும்

எம் விடுதித் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு காசநோய்வாய்ப்பட்டு, ஆறு திங்கள் மருந்துண்டு மீண்டார். குழவிப் பருவத்தில் இட்ட பி.சி.ஜி. ஊசியின் வடு அவர் இடத்தோளில் இன்றும் உளது. வடுவிருந்தும் நோய் வந்தது என்னை? 1968 ஆம் ஆண்டில் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெருஞ்சோதனை, வயது வந்தோர்க்கு வரும் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகட்கு வரும் கொடிய காசவகைகளினின்றும் அது காப்பது உண்மை. ஆதலின் அதனைக் கைவிடுக என்பது என் கருத்தன்று. வேறு வழியும் நாடுக என்பதே.

அவ்வழி யாது? காசக்கிருமி மெழுகனைய கொழுப்பாடை போர்த்தது. நம் உடலைக் காக்கும் டி உயிரணுக்கள் பெரும்பாலும் பகையை நேரே காண்பதில்லை. பிற உயிரணுக்கள் தம் மேற்புறத்தே ஏந்திக் காட்டும் துணுக்கையே கண்டறிகின்றன. அத்துணுக்குப் புரதத்தினதே என்று அறிஞர் நெடுநாள் எண்ணியிருந்தனர். மனிதனின் டி உயிரணுக்களிற் சில, சிடி1 என்னும் மூலக்கூற்றை அறிவது 1989 இல் தெரிந்தது. காசக்கிருமியின் மைக்கோலிக் அமிலம் என்னும் கொழுப்பைச் சிடி1பி ஏந்திக் காட்டுவது 1994 இல் வெளிப்பட்டது. கொழுப்பின் நீண்ட வால் மூலக்கூற்றின் உட்குழிவில் ஒடுங்க, தலை வெளியே தோன்றும். அதனைத் தொட்டு டி உயிரணு பகையை அறியும். சிலபோது கொழுப்பு உள்ளே மறைய, ஏந்தும் மூலக்கூற்றையே தொட்டறிதலும் உண்டு.

இதனாற் பயன் என்னை? புரதத்தை ஏந்தும் எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். சிடி1 மூலக்கூறுகளோ மாந்தர் யாவர்க்கும் ஏறக்குறைய ஒரு தன்மையன. எனவே, கொழுப்பைக் கொண்டு அமைக்கும் ஊசி பலர்க்கும் ஒருங்கே உதவக்கூடும். அங்ஙனமிருந்தும், புரதம் பெற்ற கவனத்தைக் கொழுப்புப் பெறவில்லை.

அதற்கு ஒரு பெருங்காரணம் சுண்டெலி! ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் அதன்மீதே முதற்சோதனை நிகழ்கின்றது. அதற்கோ சிடி1ஏ, சிடி1பி, சிடி1சி என்னும் மூன்றும் இல்லை. சிடி1டி மட்டுமே உண்டு. இல்லாதவனிடம் இரந்து, கிடையாமை கண்டு, உலகில் பொருளே இல்லையென்று முடிவு கட்டலாமோ? கினிப்பன்றிக்குச் சிடி1பி, சிடி1சி இனத்தன உள. மனிதனின் இம்மூலக்கூறுகளைப் புகுத்தி வளர்த்த சுண்டெலிகளும் உள. அவற்றைக்கொண்டு இவ்வாய்வைப் பெருக்குதல் வேண்டும்.

‘கொழுப்பாலாய ஊசி மாந்தரைக் காக்குமென்று மெய்ப்பிக்கப்படவில்லையே’ எனின், உண்மையே. ஆயினும், மெய்ப்பிக்கப்படாதது வேறு, பொய்த்தது வேறு. தேடாமலே இல்லையென்பது அறிவுடையோர் செயலன்று.

உயிர்நூல் பயிலும் தோழர்காள்! தமிழ் பயிலும் நான் நும் துறையிற் புகுந்து உரைத்ததைப் பொறுத்தருள்க. நோயுற்றவன் மனிதன்; அவனுக்குரிய மருந்தைச் சுண்டெலியின் அளவுகோல் ஒன்றினாலேயே அளத்தல் போதாது.