சந்தைச் சுவரில் உழவனுக்கும் இடம் வேண்டும்

சந்தைச் சுவர்களிலே காய்கனிகளையும் பலகாரங்களையும் வண்ணத்தில் தீட்டி, அவ்விடத்தின் பழம் பெருமையைப் போற்றும் வழக்கம் உலகின் பல நகரங்களில் உண்டு. நன்று. அழகை வெறுப்போர் அல்லர் நாம். ஆயினும், கனியைக் காட்டும் சுவர் அதனை விளைவித்த கையைக் காட்டாதாயின் அது அரை உண்மையே என்போம். இதனை மெக்சிக்கோவின் ஓவியர் சிலர் 1930களிலேயே உணர்ந்திருந்தனர்.

மெக்சிக்கோ நகரின் பழைய மையப் பகுதியில், 1934 நவம்பரில் அபெலார்தோ ரொட்ரிகேஸ் சந்தை திறக்கப்பட்டது. அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. (ஆள்வோர் தம் பெயரைக் கட்டடங்களில் பொறிக்கும் ஆசை எந்நாட்டுக்கும் பொதுப்போலும்!) அதன் சுவர்களிலும் மாடிப்படிகளிலும் ஓவியந் தீட்டும் பணி, டியேகோ ரிவேராவின் மேற்பார்வையில் இளங்கலைஞர் பலரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர்களிடம் வேண்டப்பட்டது எளிய காரியம்: எவ்வுணவு உடலுக்கு உகந்ததென வாங்க வருவோர்க்குப் படிப்பிக்கும் சித்திரங்கள். ஆஞ்ஹெல் பிராச்சோ விற்றமின்களைப் பொருளாகக் கொண்டார். மேரியன் கிறீன்வுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, லா வீகா கால்வாய் வழியே விளைபொருள் நகரை வந்தடைந்த காட்சியைத் தீட்டினார். அக்கால்வாய் பின்னர் தூர்க்கப்பட்டு வீதியாயிற்று. சுவரில் மட்டும் இன்னும் பொருள் வந்திறங்குகிறது.

ஆனால் உணவைத் தீட்டப் புகுந்தோர் உணவோடு நிற்கவில்லை. விளைவித்தவன் யார், வியர்வையின் பயனை உண்பவன் யார் என்னும் வினா எழுந்தது. மேரியன் அடுத்து, கிராமத்துள் ஆலைத்தொழில் புகுந்ததை வரைந்தார். பப்லோ ஓஹிகின்ஸ், ஏகபோக முதலாளிகளை எதிர்த்த தொழிலாளர் போராட்டத்தை வரைந்தார். காய்கறி வாங்க வருபவர்க்கு அரசியல் எதற்கு என்று கேட்பார் உளர். சந்தைக்கு மூட்டை சுமந்து சென்று, கழிவு கொடுத்துத் திரும்பும் எம் கமக்காரரிடம் அவர்கள் அக்கேள்வியைக் கேட்கட்டும்! எம்மவர் விளைவிக்கும் மிளகாயின் பூர்வீகமும் அந்த மெக்சிக்கோ மண்ணே. செடியோடு அதைப் பயிரிடுவோன் படும் பாடும் கடல் கடந்து வந்ததோ என எண்ணத் தோன்றுகிறது.

எல்லா ஓவியங்களும் கலையாய் வென்றன என்று நாம் சொல்லோம். சில, துண்டுப்பிரசுரத்தைச் சுவரில் ஒட்டியது போன்றவை. ஆயினும் அவை வாங்குவோனையும் விற்போனையும் விளைவிப்போனையும் ஒரே சுவரில் நிறுத்தின.

அச்சுவர்களை ஈரமும் அலட்சியமும் அரித்துள்ளன. அவற்றைப் பேணுவது கடமை. ஆனால் பேணுதல் என்னும் பெயரால் சிறு வியாபாரிகளை அகற்றி, சந்தையைக் காட்சிச்சாலையாக்கும் எண்ணம் எவர்க்கும் வரலாகாது. கீரைக்கட்டும் பேரமும் இல்லாத இடத்தில் அந்தச் சித்திரங்கள் யாரோடு பேசும்?

அச்சந்தையின் மேல்மாடியில் இசாமு நொகுச்சி 1936இல் நிறைவுசெய்த புடைப்புச் சிற்பம் ஒன்றுண்டு. நீளம் ஏறக்குறைய 22 மீற்றர். போரும் கொடுமையும் தொழிலாளர் வெற்றியும் அதில் உள. அவற்றோடு ஒரு செவ்விந்தியச் சிறுவனும் நிற்கிறான்; ஐன்ஸ்டைனின் சக்திச் சமன்பாட்டை உற்று நோக்கியபடி.