கணக்கு பார்க்காதேன்னு சொல்ற கணக்குப்பிள்ளைகளுக்கு...

ஆணி கம்மியா இருந்த ஒரு வாரம், ஆறுமுகநேரிக்குப் போயிருந்தேன். உப்பளத்துப் பக்கம் பசங்க டென்னிஸ் பால் மேட்ச். எட்டு ஓவர்தான். ஜாலியா பார்க்கப் போனவன் ரத்தக்கொதிப்போட திரும்பி வந்தேன். அதான் இந்தப் பதிவு.

71 எடுத்தா வெற்றி. ஓப்பனர் கடைசி வரைக்கும் நின்னு 28 பந்துல 24 நாட் அவுட். மூணாவதா இறங்கின பொடியன் 5 பந்துல 14 அடிச்சிட்டு லாங் ஆன்ல கேட்ச் கொடுத்துட்டான். டீம் 62-க்கு 3. தோல்வி. ஏழு விக்கெட் கையில பத்திரமா இருக்கு, என்ன பிரயோஜனம்?

திட்டு யாருக்கு? பொடியனுக்கு. "பொறுப்பா ஆடத் தெரியாதாலே? அவனைப் பாரு, கடைசி வரைக்கும் நின்னாம்லா!" அடுத்த மேட்ச்ல அவனுக்கு இடம் இல்லை. நான் வாயைத் தொறந்தேன். "ஏ கம்ப்யூட்டரு, கணக்கு பார்த்தெல்லாம் கிரிக்கெட் ஆட முடியாதுடே"ன்னு முடிச்சிட்டாங்க.

அண்ணாச்சி, நீங்களும் கணக்குதான் பார்க்குதீங்க. தப்பான கணக்கு!

சராசரின்னா என்ன? எடுத்த ரன்னை, அவுட்டான தடவைகளால வகுக்கிறது. எத்தனை பந்தைத் தின்னான்ங்கிறது அதுல எங்கேயுமே வராது. அஞ்சு நாள் டெஸ்ட்டுக்கு அது சரி. அங்க பந்துக்குப் பஞ்சமில்லை, விக்கெட்டுக்குத்தான் பஞ்சம். ஒருநாள் மேட்ச்ல 300 பந்துக்கு 10 விக்கெட், அதாவது ஒரு விக்கெட்டுக்கு 30 பந்து. இருபது ஓவர்ல அது 12. நம்ம எட்டு ஓவர்ல 5 பந்து கூட கிடையாது. மழை மாசத்துல உப்பு விலை என்ன, அம்பாரமா குவிஞ்சு கிடக்கிற வெயில் காலத்துல விலை என்னன்னு நம்ம ஊர்க்காரனுக்கா சொல்லித் தரணும்? விக்கெட்டும் அதே மாதிரிதான்.

1997-ல நடைமுறைக்கு வந்த டக்வொர்த்-லூயிஸ் முறையோட அடிப்படையே இதுதான். மிச்சமிருக்கிற ஓவர், மிச்சமிருக்கிற விக்கெட், ரெண்டும் சேர்ந்ததுதான் ஒரு டீமோட சொத்து. ஓவர் தீர்ந்துட்டா கையில இருக்கிற விக்கெட்டுக்கு மதிப்பு பூஜ்யம்.

1975 ஜூன் 7, லார்ட்ஸ். 60 ஓவர்ல இங்கிலாந்து 334. கவாஸ்கர் 174 பந்துல 36 நாட் அவுட். இந்தியா 132-க்கு 3. சராசரியைக் கேட்டா அன்னைக்கு அவர் அவுட்டே ஆகலை, பிரமாதம்னு சொல்லும்!

இன்னொரு பக்கம் நம்ம அஸ்வின், நம்மளை மாதிரி எஞ்சினியரிங் படிச்சவர். 2022 ஏப்ரல் 10, ராஜஸ்தான் 67-க்கு 4-னு தடுமாறுறப்போ இறங்கி 23 பந்துல 28. பத்து பந்து பாக்கி இருக்கும்போது தானாவே வெளியே நடந்துட்டார். ஐபிஎல்ல முதல் 'ரிட்டயர்டு அவுட்' அதுதான். பெரிய ஷாட் அடிக்கிற ரியான் பராக் வந்து 4 பந்துல 8. ராஜஸ்தான் லக்னோவை 3 ரன்ல ஜெயிச்சது.

"2025-ல சென்னை கான்வேயை 69-ல வெளியே கூப்பிட்டுச்சே, பஞ்சாப்கிட்ட தோத்துச்சே?"ன்னு கேப்பீங்க. கேளுங்க. ஒரு மேட்ச்ல தோத்ததால முடிவு தப்புன்னு ஆகாது. அஸ்வின் டீம் ஜெயிச்சதால மட்டும் அது சரின்னும் ஆகாது. நூறு தடவை செஞ்சா எது அதிகமா பலிக்கும்? புள்ளிவிவரம் பதில் சொல்றது அந்தக் கேள்விக்குத்தான்.

செட் ஆக நாலு பந்து வேணும், ஒத்துக்கறேன். ஆனா வாங்கின கடனைத் திருப்பிக் கட்டணும்ல? 28 பந்து ஆடியும் கட்டலைன்னா அதுக்குப் பேரு பொறுப்பா?

கிளம்புற அன்னைக்குச் சாயங்காலம் மறுபடி அந்தப் பக்கம் போனேன். பொடியன் தனியா, சுவத்துல பந்தை எறிஞ்சு டொக்கு வச்சுப் பழகிட்டிருந்தான். "இனிமே அவுட்டே ஆக மாட்டேன்ணே"ன்னான்.

வயிறு எரிஞ்சது.

டிஸ்கி: கவாஸ்கர் ரசிகர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். டெஸ்ட்ல அவர் தெய்வம்தான்.