விபத்து என்று எழுதி முடித்துவிட்ட சாவுகள்

சென்ற மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேச்சு வந்தது. சயாம் மரண ரயில், ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கு என்று வழக்கமான தடத்தில் போய்க்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் சியாட்டல் நகரில் விழுந்த ஒரு ராணுவ விமானத்தைப் பற்றிச் சொன்னேன். மூத்த நண்பர் ஒருவர் உடனே குறுக்கிட்டார். "தம்பி, அது விபத்து. அதைப் போர்ச் சாவுல சேர்க்காதீங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சு அடுத்த தலைப்புக்குத் தாவிவிட்டது. எனக்குத்தான் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளன். ஒரு பம்ப் வெடித்தால், ஒருவருக்குக் கை நசுங்கினால், நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'விபத்து' என்று எழுதினால் படிவம் என் மேசைக்கே திரும்பி வரும். கோளாறு யாருக்கு முன்பே தெரியும், தெரிந்தும் ஏன் ஓட்டினீர்கள் என்று கேட்பார்கள். ஒரு பம்ப்புக்குக் கேட்கிற கேள்வியை மனிதச் சாவுக்குக் கேட்டால் மட்டும் ஏன் வாயை மூடச் சொல்கிறோம்?

சியாட்டலுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்ப்போம். அமெரிக்கா பி-29 குண்டுவீச்சு விமானத்தை அவசர அவசரமாக உருவாக்கிக்கொண்டிருந்தது. முதல் விமானம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே ஆயிரத்துக்கும் மேல் ஆர்டர் கொடுத்தாயிற்று. அதன் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். எஞ்சின் உறையில் மெக்னீசியம். பற்றிக்கொண்டால் அணைப்பது பெரும்பாடு. இரண்டாவது மாதிரி விமானம் 1942 டிசம்பர் 30 அன்று முதன்முறையாகப் பறந்தபோதே எஞ்சினில் தீப்பிடித்தது. எப்படியோ தரையிறக்கினார்கள். அதே விமானம் 1943 பிப்ரவரி 18 அன்று மறுபடியும் சோதனைக்குக் கிளம்பியது. மறுபடியும் தீ. திரும்பி வரும் வழியில், ஓடுபாதைக்குச் சில மைல் தூரத்தில், ஒரு இறைச்சித் தொழிற்சாலையின் மேல் விழுந்தது. சோதனை விமானி எடி ஆலன் உட்பட அதிலிருந்த 11 பேரும் இறந்தார்கள். தொழிற்சாலைக்குள் வேலையில் இருந்த சுமார் 20 பேரும் இறந்தார்கள். பி-29 அப்போது ராணுவ ரகசியம். விழுந்தது எந்த விமானம் என்பதைக்கூட ஊருக்குச் சொல்லவில்லை.

எஞ்சின் தீப்பிடிக்கும் என்று தெரியும். கீழே நகரம் இருக்கிறது என்றும் தெரியும். பறந்தார்கள். என் படிவத்தில் இதை 'விபத்து' என்று எழுத விடமாட்டார்கள்.

அடுத்த ஆண்டு இங்கிலாந்தில். 1944 ஆகஸ்ட் 23, லங்காஷயரின் ஃப்ரெக்கிள்டன் கிராமம். பக்கத்தில் வார்ட்டன் அமெரிக்க விமானத் தளம். பழுதுபார்த்த பி-24 விமானம் ஒன்று காலையில் சோதனைக்குக் கிளம்பியது. கடும் புயல் வருகிறது என்று திரும்ப அழைத்தார்கள். திரும்பும் வழியில் புயலில் சிக்கி ஊருக்கு நடுவே விழுந்தது. எரிபொருள் பற்றி எரிந்தது. பள்ளியின் பாலர் வகுப்புகள் அதில் சிக்கின. மொத்தம் 61 பேர். அதில் 38 பேர் பள்ளிக் குழந்தைகள். சரியான காரணம் தெரியவில்லை என்றது விசாரணை. ஆனால் இங்கிலாந்தின் இடிப்புயல் எவ்வளவு ஆபத்தானது என்று அமெரிக்க விமானிகளுக்கு அழுத்திச் சொல்லித்தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதாவது, சொல்லித்தரவேண்டிய ஒன்று சொல்லித்தரப்படாமல் இருந்தது.

தளத்திலிருந்த அமெரிக்க வீரர்களே பணம் திரட்டி அந்த ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு மைதானம் அமைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனது இருந்தது. என் சண்டை அவர்களோடு இல்லை. எதிரி வீசிய குண்டில் செத்தால் போர்ச் சாவு, சொந்த விமானம் கூரைமேல் விழுந்து செத்தால் தலைவிதி என்று பிரித்து வைக்கிற கணக்கோடுதான் சண்டை. அந்தப் பிரிவினையில் போருக்கு எவ்வளவு லாபம் பாருங்கள். செலவில் பாதி கணக்கிலேயே வராது.

நண்பர் பிறகு வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அவசரம்ல தம்பி? அந்த விமானம் இல்லன்னா ஜப்பான்காரன் போயிருப்பானா?"

நியாயமான கேள்வி. அதே பி-29 நம் ஊருக்கும் வந்தது. 1945 மார்ச்சில் கோலாலம்பூர் ரயில் பணிமனையைக் குறிவைத்து வீசிய குண்டுகளில் சில சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மேல் விழுந்தன. அந்த இடத்தில்தான் இன்றைய தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் நாம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்ட அதே இடம்.

ஜப்பான்காரனை விரட்டியது அந்த விமானம்தான் என்றே வைத்துக்கொள்வோம், அண்ணே. அப்படியானால் சியாட்டலில் கத்தியும் கையுமாக இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நமக்காகவும்தான் செத்தார்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? கடன் வாங்கியதை ஒப்புக்கொண்டுவிட்டு, கொடுத்தவனைக் கணக்கிலிருந்து அடிப்பது என்ன நியாயம்?

பழைய கதை என்றும் தள்ள முடியாது. 2022 அக்டோபர் 17 அன்று, உக்ரைன் போர் நடந்துகொண்டிருக்கும்போது, ரஷ்யாவின் யேய்ஸ்க் நகரில் ரஷ்யாவின் சொந்த சு-34 போர்விமானம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானிகள் பாராசூட்டில் தப்பினார்கள். குடியிருப்பில் குறைந்தது 15 பேர் இறந்தார்கள். சாயங்கால நேரம். வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

அடுத்த கூட்டத்தில் இதை மறுபடியும் எடுக்கப்போகிறேன். தலையாட்டியவர்களும் வரவேண்டும். 'விபத்து' என்று யாராவது சொன்னால் என் படிவத்தின் கேள்வியைத்தான் கேட்பேன்: யாருக்கு முன்பே தெரியும்?