விபூதிக் கூலி

திருச்சி திருவானைக்காவல் கோயிலின் வெளிமதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். சித்தராக வந்த சிவன் மதில் வேலையை மேற்பார்த்து, ஆளுக்கொரு பிடி திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னானதாம். விபூதிப் பிராகாரத்தில் நடக்கும்போது எனக்குத் தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் கைக்கும் திருநீறு வருகிறது. பொன்னாவதுதான் இல்லை.

திருச்சிக்குத் தொண்டு நிறுவனங்கள் புதிதல்ல. கழிப்பறைப் பணிக்காக ஸ்கோப் நிறுவனத்தின் சுப்புராமனுக்கு 2021இலும், கிராமாலயா நிறுவனத்தின் தாமோதரனுக்கு 2022இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. கழிப்பறையைக் கட்ட ஒரு கொத்தனார் போதும். அதைப் பயன்படுத்த வைக்க, மாதக்கணக்கில் வாசல் வாசலாக ஏறி இறங்கும் பெண் வேண்டும். அவருக்குப் பின்னால் ஓர் ஒருங்கிணைப்பாளர், கணக்காளர், வாடகை கட்டிய அலுவலகம். கொடையாளருக்குச் செங்கல் தெரிகிறது. மற்றதெல்லாம் 'நிர்வாகச் செலவு'.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் அந்தச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக இறக்கியது. பெரிய நிறுவனம் வாங்கிய நன்கொடையைச் சிறிய அமைப்புக்குப் பகிர்வதையும் தடுத்தது. தொட்டியம் பக்கத்தில் நாலு பேர் நடத்தும் அமைப்பு இனி நேரே லண்டனுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும்!

2014 முதல் கம்பெனிகள் கொடுக்கும் 2 விழுக்காட்டுச் சமூகப் பொறுப்பு நிதியிலோ 5 விழுக்காட்டு வரம்பு. விதியைப் படித்தால், அது கம்பெனி தன் நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கு மட்டுமே. அதைத் தொண்டு நிறுவனத்தின் தலையிலும் கட்டுகிற வழக்கம் எப்படியோ வந்துவிட்டது.

ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை வைத்தபோது, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் என்று கல்லில் வெட்டினான். அந்தச் சமூக அடுக்கை நான் கொண்டாடவில்லை. ஆனால் வேலை செய்கிற ஆளின் வயிறும் அறத்தின் கணக்கில்தான் இருந்தது. ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் நூறு கோடி டாலர் ஒதுக்கி, ஐந்தாண்டு நிதி கொடுத்து நிறுவனங்களையே வலுப்படுத்தத் தொடங்கியதும் ஏறக்குறைய இந்தப் புத்திதான். இங்கே அப்படிக் கொடுப்பவர்கள் குறைவு.

மார்ச் முடிந்தால் ப்ராஜெக்ட் முடிந்தது. ஒரு தெருவே பேர் சொல்லிக் கூப்பிடும் களப்பணியாளர்கள், ஏப்ரலில் மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் வேலைக்குப் போவதைப் பார்க்கிறேன். அதே வாசல்கள், அதே பெண்கள். அங்கே சம்பளம் முதல் தேதியே வந்துவிடுகிறது.